கிச்சா பொங்கல் வைத்த காலை

1993, மாசி மாதம். திங்கட்கிழமை காலை எட்டேகால் மணி.

மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்பைத் தாண்டினால், கடலைப் பார்த்தபடி ஒரு பழைய நாலுகால் மண்டபம் உண்டு. அதன் படிக்குக் கீழே என் கணவர் ஜெயகிருஷ்ணன் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் அடி. பக்கத்தில் தேங்காய் அளவில் ஒரு கல். மூக்குக்கண்ணாடி மட்டும் உடையாமல் இரண்டடி தள்ளி மணலில் இருந்தது.

முதலில் கண்டவன் நீலமேகம். பக்கத்துக் குப்பத்து மீனவன். எட்டரைக்கு அவன் ஊருக்குள் ஓடிவந்து கோயில் வாசலில் நின்று கத்தினான். அப்படித்தான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் மோகன் வந்தார். நீலமேகத்தின் சட்டையை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். நுனி நனைந்திருந்தது. ஈரத்தில் ரத்தம் ஊறிப் பரவியிருந்தது.

"எப்போ பாத்தே?"

"இப்பதான் சார். வலை காயப்போட வந்தேன்."

"சட்டை ஏன் ஈரம்?"

"கடல் தண்ணில நனச்சேன். சார் மூஞ்சியெல்லாம் மண்ணு. திருப்பிப் போட்டுத் தொடச்சி உட்டேன்."

"ரத்தத்தக் கழுவப் பாத்துட்டு எனக்குக் கதை சொல்றியா?"

நீலமேகத்தை இழுத்துப் போய் ஜீப்பருகே நிறுத்தினார்கள்.

அடுத்து என்னிடம் வந்தார்கள். நான் அன்று சொன்னதை இங்கே மறைக்காமல் எழுதியாக வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வார்த்தைகள் எனக்கு மறக்கவில்லை.

"சார் எத்தனை மணிக்குக் கெளம்பினார்மா?"

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு. மண்டபத்துல கல்வெட்டு எழுத்தைக் காப்பி பண்ணிட்டு, அப்படியே பஸ் ஏறி செங்கல்பட்டுல பொண்ணாத்துக்குப் போறேன்னார். இன்னிக்கு மத்தியானம்தான் வருவேன்னு சொன்னதனால நான் தேடலை."

"யாரோடயாவது தகராறு?"

"சனிக்கிழமை சாயங்காலம் ஒண்ணு சொன்னார். 'திங்கட்கிழமைக்குள்ள அவனே போய் ஒத்துக்கட்டும். இல்லேன்னா நான் எழுதிப் போட்டுடுவேன்'னு."

"யாரை?"

என் கணவர் எனக்குப் பெயர் சொல்லவில்லை. நான் சொன்னேன். "நீலமேகமாத்தான் இருக்கும். அவனோடதான் சண்டை."

சண்டை என்னவோ உண்மை. என் கணவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர். ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலைப் பற்றிச் சிறிய புத்தகம் எழுத ஆசைப்பட்டு, சுவரிலும் தூணிலும் பாத்திரத்திலும் எங்கே பழைய எழுத்து இருந்தாலும் படி எடுத்துக்கொண்டிருந்தார். மண்டபத் தூண்களில் நீலமேகம் வலையைக் கட்டிக் காயப்போட்டதற்குப் போன வாரம் டீக்கடை வாசலில் இரைந்தார். அவனும் விடவில்லை. "கல்லுல எழுத்து இருந்தா இன்னா சார், அது எனுக்கு நாஸ்தா போடுமா?" என்றான். கடையே சிரித்தது.

வலை காயப்போட்டதில் போய் ஒத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நான் அதை யோசிக்கவில்லை. இன்ஸ்பெக்டரும் யோசிக்கவில்லை.

செங்கல்பட்டில் பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைச் செவ்வாய்க்கிழமை கொடுத்தார்கள். ஞாயிறு மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் உயிர் போயிருக்கும் என்றார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பெண் விஷாகா ஒருத்திதான். அதனால் காரியம் செய்ய அவருடைய சித்தப்பா பிள்ளை அம்பி முன்வந்தான். நெருங்கின பங்காளி. கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்பவன், அதாவது சமையல்காரன். நாற்பத்தெட்டு வயது. அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது. அவன் கையில் தர்ப்பைப் புல்லைக் கொடுத்து, எனக்காக நீ செய் என்று சொன்னது நான்தான்.

அம்பியையும் இன்ஸ்பெக்டர் வழக்கப்படி கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்?"

"ஆத்துலதான். மத்தியானம் தவலையைத் தூக்கறச்சே இடுப்பு பிடிச்சுண்டது. படுத்துண்டிருந்தேன்."

"யார் பாத்தா?"

"ஆத்துக்காரி பொறந்தாத்துக்குப் போயிருக்கா. பெருமாள்தான் பாத்தார்."

எழுதிக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை காலை பதினொரு மணி. சம்பூர்ணம் எங்கள் வீட்டுக் கொல்லைக் குழாயடியில் வந்து உட்கார்ந்தாள். நீலமேகத்தின் அக்கா. விடிவதற்கு முன் கோயில் வெளிவாசலையும் மடைப்பள்ளிப் பின்கட்டையும் பெருக்கித் தண்ணீர் தெளிப்பாள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்ப்பாள். பதினாறு வருஷமாக அதுதான் அவள் வேலை. ஊரில் எவர் எப்போது எழுந்தார், எவர் எவரோடு பேசவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் துடைப்பத்தோடு வந்து சேரும்.

அன்று வாய் திறக்காமல் தேய்த்தாள். கடைசிக் குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாமி, நீதான் சொன்னியாமே."

எனக்குப் புரிந்தது. "தோணினதைச் சொன்னேன் சம்பூர்ணம்."

"உனுக்குத் தோணிச்சி. அவன் அங்க அடி வாங்கிக்கினு கீறான். சனிக்கெழமைக்குள்ள கேசு எழுதி உள்ள தள்ளிடுவாங்களாம். அப்புறம் எவன் வந்து இன்னா சொன்னாலும் ஆவாதாம். அவன் பொண்ணு பிரியங்காவுக்கு நாலு வயசு மாமி. அப்பன் எங்கன்னு கேட்டுக்கினே கீது."

"பின்ன யார்தான் செஞ்சிருப்பா?"

"அத்த நானு எப்டி சொல்வேன்? ஆனா திங்கக்கெழம காலைலேந்தே ஒண்ணும் சரியில்ல. பொங்கலே தீஞ்சி பூட்ச்சி."

அது உண்மைதான். அன்றைக்குப் பெருமாளுக்கு அடிப்பிடித்த பொங்கல் என்று தெரு முழுக்கப் பேச்சு. அம்பிக்கு இடுப்பு வலி என்று அவன் அக்கா பிள்ளை கிச்சா அடுப்பில் நின்றிருக்கிறான். கிச்சாவுக்கு முப்பது வயது. காய் நறுக்குவான், இலை துடைப்பான். சமையல் வராது.

அன்று காலை பார்த்ததை சம்பூர்ணம் வரிசையாகச் சொன்னாள். எனக்கு மனம் அதில் இல்லை. ஆனாலும் காதில் விழுந்தது.

ஐந்தரைக்கு அவள் பின்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அம்பி மடைப்பள்ளிக்கு வெளியே, நந்தவனத்துக் கிணற்றோரம் நின்றிருந்தான். "இன்னா சாமி, உள்ள போவல?" என்று கேட்டாள். "இடுப்புடி. கிச்சா பண்ணுவான்" என்றான். சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றில் விட்டு இழுத்துத் தலையில் கொட்டிக்கொண்டான். ஒரு வாளி இல்லை, பத்து வாளி. சற்று நேரத்தில் கிச்சா குடத்தோடு வந்தான். "டேய், தள்ளி நில்லுடா" என்று அம்பி மூன்று எட்டு விலகி நின்றான். கிச்சாவே தண்ணீர் இழுத்துக் குடத்தைச் சுமந்து போனான். ஏழேகாலுக்குப் பட்டர் தீர்த்தம் கொடுக்க வந்தார். அம்பி கையை நீட்டவில்லை. ஜலதோஷம் என்றான்.

"இதெல்லாம் இன்ஸ்பெக்டர் கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'தம்பிய உட்டுக் குடுக்க மாட்டாதவ சொல்றத எல்லாம் எழுதினா பேப்பர் பத்தாது'ன்றாரு. போடா நைனான்னு வந்துட்டேன்."

"அம்பிக்கு இடுப்பு வலி சம்பூர்ணம். அதுக்கென்ன இப்போ?"

"இடுப்புல வலி கீறவன் பத்து வாளி இழுக்கறான். சாமிக்கு ஒத்தக் கொடம் இழுக்க மாட்டேன்றான். எனுக்கு அது குத்திக்கினே கீது. இன்னான்னுதான் புரியல."

எனக்கும் புரியவில்லை. அம்பி சோம்பேறி என்று மட்டும் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. கூடத்தில் புரோகிதர் அன்றைய காரியத்துக்கு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அம்பி இன்னும் வரவில்லை. விஷாகா பம்பாயில் இருக்கும் தூரத்துப் பங்காளி ஒருவரைப் பற்றி அவரிடம் கேட்டாள்.

"பம்பாய்க்குத் தந்தி குடுத்து மூணு நாளாச்சு. ஹரிஹரன் சித்தப்பாக்குக் கிடைச்சுதோ என்னமோ. அவர் பாட்டுக்குக் கோயில் குளம்னு போயிண்டிருந்தா தோஷமில்லையா?"

"ஒரு தோஷமும் இல்லைம்மா. சேதி காதுல விழற வரைக்கும் பங்காளிக்குத் தீட்டே கிடையாது. விழுந்த நிமிஷத்துலேர்ந்துதான் தீட்டு. மீதி நாளைக் காத்தாப் போறும்."

கொல்லையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. சாம்பல் கையோடு சம்பூர்ணம் நிலைப்படிக்கு வந்து, உள்ளே வராமல், என்னைக் கூப்பிட்டாள்.

"மாமி, இந்தத் தீட்டுல அம்பி சாமி மடப்பள்ளிக்குள்ள போவலாமா?"

"கூடாது. பத்து நாளும் கூடாது. அதனாலதானே கிச்சா பண்றான்."

"கிச்சா சாமிக்கு ஒட்டாதா?"

"அவன் அக்கா பிள்ளை. வேற கோத்திரம்."

"தீட்டுக்காரரு சாமி கொடத்தத் தொடலாமா?"

"கூடாது."

"தொடற ஆளு கிட்ட வந்தா?"

"இவர்தான் ஒதுங்கிக்கணும்."

"எட்டரைக்குத்தான எந்தம்பி வந்து கத்தினான்? அதுக்கு மின்ன யாருக்குமே தெரியாது?"

"யாருக்கும் தெரியாது."

கையைக்கூடக் கழுவாமல் போய்விட்டாள். பாதி தேய்த்த பாத்திரங்கள் அப்படியே கிடந்தன.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். இன்ஸ்பெக்டர் வெளியே வந்தபோது எழுந்து வழியில் நின்றாளாம். "சார், எந்தம்பிய உடச் சொல்லல. ஒரே ஒரு கேள்வி அம்பி சாமிய நான் கேக்கணும். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்." மோகன் முதலில் சிரித்தார். அவள் ஐந்து நிமிஷம் பேசினாள். பிறகு அவர் கிச்சாவைத் தனியாகக் கூப்பிட்டனுப்பினார். இதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. சேதி வந்து ஐந்தாம் நாள். அம்பி ஈரவேட்டியோடு உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தான். புரோகிதர் மந்திரம் சொல்லிக்கொடுத்தார். நானும் விஷாகாவும் சுவரோரம் இருந்தோம். கிச்சா வாசலில் நின்றான். மோகன் சாதாரண உடுப்பில் வந்து, செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். சம்பூர்ணம் கொல்லை வாசற்படியில் வந்து நின்றாள்.

"மன்னிக்கணும். ஒரே விஷயம்" என்றார் மோகன். "திங்கக்கிழமை காலைல அஞ்சரைக்கு எங்க இருந்தீங்க?"

அம்பி நிமிர்ந்தான். "கோயில்ல. இடுப்புப் பிடிப்புன்னு அன்னிக்கே சொன்னேனே. கிச்சாதான் தளிகை பண்ணினான்."

"பொய்யி!" என்றாள் சம்பூர்ணம்.

அவள் குரல் கூடத்தை நிறைத்தது.

"நீதான் பண்ணே. நானு கண்ணால பாத்தேன். நீதான் உள்ள பூந்து, உங்கையால பொங்கல் கிண்டி, உங்கையால எட்த்தும்போயி சாமிக்கு வச்சே. கிச்சா சாமி பண்ணாருன்னு ஊர ஏமாத்தறே."

"கிச்சாவும் அதையேதான் எழுதிக் குடுத்திருக்கார்" என்றார் மோகன்.

கிச்சா தலையைக் குனிந்துகொண்டான்.

அம்பியின் கையிலிருந்த எள் கீழே சிதறியது. எழுந்தே விட்டான். இடுப்பைப் பிடிக்கவில்லை. அவனை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை.

"அபாண்டம்! நானா? தீட்டோட நானாடி பெருமாள் தளிகையைத் தொடுவேன்? முப்பது வருஷமா மடியா இருந்து பண்றவன் நான்! வாசப்படி தாண்டலை. குடத்தைத் தொடலை. தீர்த்தம்கூட வாங்கிக்கலை. டேய் கிச்சா, பெருமாள் மேல ஆணையாச் சொல்லுடா, உன்னைத் தள்ளி நில்லுன்னேனோ இல்லையோ?"

"சொன்னேள் மாமா" என்றான் கிச்சா. அழுதுகொண்டே சொன்னான்.

புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டு அம்பியைப் பார்த்தார்.

சம்பூர்ணம் குரலை இறக்கினாள்.

"அஞ்சரைக்கு உனுக்கு இன்னா தீட்டு சாமி?"

 அம்பி வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, பிடி நழுவி, சிதறின எள்ளின் மேலேயே உட்கார்ந்தான்.

மோகன் எங்கள் பக்கம் திரும்பினார். "இவர்தான் பொங்கல் வச்சார்னு சொன்னது இவர் வாயைக் கிளறத்தான். செத்த சேதி ஊருக்கு வந்தது எட்டரைக்கு. அதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி இவர் தீட்டுக் காத்திருக்கார். தெரியாதவனுக்குத் தீட்டு இல்லைன்னு உங்க ஐயரே சொல்லியிருக்கார். அப்ப இவருக்கு யார் சொன்னா? இடுப்புன்னு நான் விட்டுட்டேன். இந்தம்மா சொன்னப்பக்கூட விட்டேன். வேலைக்கு வரலைன்னா சந்தேகம் வரும்னு கோயிலுக்கு வந்திருக்கார். உள்ள போகப் பயந்து வெளிய நின்னிருக்கார்."

"எங்க ஜனத்துல சாவுன்னா கடலுக்குப் போவ மாட்டோம் சார்" என்றாள் சம்பூர்ணம். "சேதி கேட்டாத்தான் கட்டுமரத்தக் கரையேத்துவோம். கேக்கறதுக்கு மின்ன ஒருத்தன் ஏத்தி வச்சான்னா, அவனுக்கு மட்டும் எப்டி தெரியும்? நேத்து ஐயரு சொல்லச் சொல்லத்தான் எனுக்கு வெளங்கிச்சி."

அதற்குப் பிறகு அம்பி எதையும் மறைக்கவில்லை. மடைப்பள்ளியில் ஒரு வெண்கல உருளி இருந்தது. விளிம்பில் அதைக் கொடுத்தவள் பெயர் பழைய எழுத்தில் வெட்டியிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் அதைப் பழம்பொருள் வாங்குகிற ஒருவனிடம் விற்றுவிட்டு, அதே அளவில் புதிதாக ஒன்றை வாங்கிப் புகையேற்றி வைத்திருந்தான். சனிக்கிழமை என் கணவர் அந்த எழுத்தைப் படி எடுக்கப் போயிருக்கிறார். விளிம்பு வழவழவென்று இருந்திருக்கிறது. தம்பி என்பதால் திங்கட்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு அம்பி மண்டபத்துக்குப் போய்க் காலில் விழுந்தான். "நீ எங்கிட்டச் சொல்லாதேடா, கோயில்ல போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் தூண் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினாராம். மடைப்பள்ளி வேலை போய்விடும் என்ற பயத்தில் கல்லை எடுத்தேன் என்றான். அண்ணாவை அடிக்கக் கை வந்தது. மறுநாள் காலை, தீட்டோடு பெருமாள் பானையைத் தொட மட்டும் கை வரவில்லை.

"மன்னி," என்றான் போகும்போது. "அன்னிக்குத் தளிகை சுத்தமாத்தான் ஆச்சு. அதை மட்டும் நம்புங்கோ."

 ஜீப் புழுதி அடங்குமுன் புரோகிதர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்பி நாலு நாள் செய்தது செய்ததுதானா, சாஸ்திரத்தைப் பார்க்கலாமா என்று. பார்க்க வேண்டாம் என்றேன். முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னேன். தர்ப்பைப் புல்லை நானே வாங்கிக்கொண்டேன்.

நீலமேகத்தை அன்று மாலையே விட்டுவிட்டார்கள்.

பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு நான் குப்பத்துக்குப் போனேன். வருஷம் திரும்பாமல் வெளியே கிளம்பக் கூடாது என்று உறவில் இரண்டு பேர் தடுத்தார்கள். விஷாகா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தனியாக நடந்தேன்.

அவன் வீட்டு வாசல் மணலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டும் எழவில்லை. உள்ளேயிருந்து சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள். ஒரு மணை கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் உட்காரவில்லை.

"நான்தான் உன் பேரைச் சொன்னேன் நீலமேகம். தெரியாமச் சொன்னேன். தப்பு."

"தெரியும் மாமி."

வலையிலிருந்த நண்டு ஓடு ஒன்றைப் பிய்த்து எறிந்தான். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேள்."

"அன்னிக்கு ஜீப்பாண்ட நின்னுகினு இருந்தேன். எம்பேரச் சொல்லச் சொல்ல, நீ என்னப் பாத்தியா?"

யோசித்தேன். எனக்கு இன்ஸ்பெக்டரின் பேனா நினைவு வந்தது. அவர் காக்கிச் சட்டைப் பொத்தான் நினைவு வந்தது. இவன் முகம் வரவில்லை.

"இல்லை. பாக்கலை."

"அப்ப இப்பப் பாரு."

தலையை நிமிர்த்தினேன். இடது கண்ணுக்குக் கீழே வீக்கம் இன்னும் முழுக்க வடியவில்லை. மேலுதட்டில் தையல் போட்டிருந்தது. கண் சிவந்திருந்தது. என்னைவிட இருபது வயது இளையவன். அவன் கண்ணை அகற்றவில்லை. வெயில் ஏறும்வரை நானும் அகற்றவில்லை.